பட்டை 220 காட்டினால்: நெடுந்தூர சைக்கிள்காரர்களின் கருவிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் சைக்கிள் குழுவில் பிரெவேக்கு, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரிக்கு, முந்தைய நாள் இரவு வருகிற அழைப்புகள் டயரையோ செயினையோ பற்றி இருப்பதில்லை. "அண்ணா, பட்டை துடிப்பைக் காட்டவே மாட்டேன் என்கிறது" என்றுதான் பேச்சே தொடங்கும். இதயத் துடிப்பை எண்ணும் சென்சாரை மாட்டி மார்பில் கட்டிக்கொள்கிறோமே, அந்தப் பட்டை. விடிந்தால் 300 கிலோமீட்டர், 20 மணி நேரக் கெடு. அந்த நேரத்தில் புதுப் பட்டை வாங்கக் கடை ஏது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே கோளாறு வாரியாக எழுதி வைக்கிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையை மாற்றாமல் போங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

சைக்கிளை ஓரம் கட்டுங்கள். ஒரு காலை ஊன்றியபடியே, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கழுத்தில் பார்ப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கும் என்பதால் நின்ற கணமே எண்ணத் தொடங்க வேண்டும். 38 எண்ணினால் 152. கருவி காட்டுவதும் விரல் சொல்வதும் பத்துக்குள் ஒத்துப்போனால் கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது உங்களை. பெரிதாக வேறுபட்டால் கருவியைப் பாருங்கள்.

நெஞ்சில் வலியோ இறுக்கமோ, கண் இருட்டலோ, மயக்கமோ இருந்தால் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். நிழலில் உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். பட்டையை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்புப் பட்டை: எண்ணே வரவில்லை, கோடு மட்டும் தெரிகிறது

*பட்டை காய்ந்திருக்கிறதா?* பெரும்பாலும் இதுதான். உள்பக்கம் இருக்கும் இரண்டு ரப்பர் அல்லது துணி மின்முனைகள்தான் துடிப்பை வாங்குகின்றன. தோலுக்கும் அவற்றுக்கும் நடுவே ஈரம் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. குழாயடியில் நன்றாக நனைத்துக் கட்டுங்கள். கிளம்பும் அவசரத்தில் எச்சில் தடவுகிறவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்கிறது. குளித்துவிட்டு மார்பில் பவுடர் பூசிக்கொள்வதும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும், சட்டை உரசிப் புண்ணாகாமல் இருக்க வாசலின் அப்பிக்கொள்வதும் பட்டைக்கு ஆகாது. பட்டை படும் இடத்தை மட்டுமாவது துடைத்துவிடுங்கள்.

*இடம் சரியா?* மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, நடுவில், எழுத்து நேராகத் தெரியும்படி. இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம். ஆழ்ந்து மூச்சு இழுத்தால் நழுவக் கூடாது.

*கைபேசி பிடித்து வைத்திருக்கிறதா?* பழைய பட்டைகள் ப்ளூடூத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கருவியோடுதான் பேசும். நேற்று வீட்டில் சோதித்துப் பார்த்தபோது கைபேசியில் இணைத்திருப்பீர்கள். செயலியை மூடாமல் விட்டிருந்தால், சைக்கிள் கம்ப்யூட்டர் எவ்வளவு தேடினாலும் பட்டை கிடைக்காது. கைபேசியில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடச் சொல்லுங்கள். பட்டையில் ஆன்ட் பிளஸ் (ப்ளூடூத் போலவே கம்பியில்லாமல் இணைக்கும் இன்னொரு முறை) வசதி இருந்தால் அதன் வழியாகவே இணைப்பது நல்லது. அது எத்தனை கருவிகளுக்கு வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் எண்ணை அனுப்பும். ஆனால் பிரெவே தொடங்கும் இடத்தில், நூறு பட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு புதிதாக இணைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் துடிப்பை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு போக நேரும். வீட்டிலேயே இணைத்துவிட்டு வாருங்கள்.

*பேட்டரியா?* பெரும்பாலான பட்டைகளுக்கு சிஆர்2032. போலார் எச்10 போன்றவற்றுக்கு சிஆர்2025. இரண்டும் ஒரே விட்டம். தடிமன்தான் வேறு, 3.2 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும். மெல்லியதைத் தடித்ததன் இடத்தில் போட்டால் மேடு பள்ளத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும். பழைய பேட்டரியைக் கழற்றிய பிறகு அரை நிமிடமாவது சும்மா விட்டு, பிறகு புதியதைப் போடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால்தான் சென்சார் புதிதாக விழித்துக்கொள்ளும். குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பட்டன் பேட்டரிகள் சில வருகின்றன. அந்தப் பூச்சே சில கருவிகளில் மின்தொடர்பைக் கெடுக்கிறது. புதிய பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் பூச்சில்லாத வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். கழற்றிய பேட்டரியை மேசைமேல் விட்டுவைக்க வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

*சென்சாரா, பட்டையா?* புதிது வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றுங்கள். பின்னால் இரண்டு டிச் பட்டன்கள் இருக்கும். இரண்டு கட்டைவிரல்களையும் நனைத்து, இடது விரலை ஒன்றிலும் வலது விரலை மற்றதிலும் வைத்து, கையை ஆட்டாமல் அரை நிமிடம் இருங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. திரையில் 70, 72 என்று எண் ஓடத் தொடங்கினால் சென்சார் பிழைத்துக்கொண்டது, செத்தது பட்டைதான். துணிப் பட்டைக்கு ஆயுள் குறைவு; வியர்வையும் சோப்பும் உள்ளே ஓடும் கடத்தும் இழையைத் தின்றுவிடும். பட்டை மட்டும் தனியாகவே கிடைக்கிறது. முழுச் செட்டையும் வாங்க வேண்டாம். நண்பரின் பட்டையில் உங்கள் சென்சாரை மாட்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான். டிச் பட்டன்களின் இடைவெளி வேறு நிறுவனத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

விரல் சோதனையிலும், புதிய பேட்டரியிலும், வேறு பட்டையிலும் எண் வரவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டர். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் வளையம் மடங்கிக் கிடந்திருக்கும். அதைப் பழுது பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள், மாற்றித்தான் தருவார்கள்.

மார்புப் பட்டை: முதல் கால் மணி நேரம் 200க்கு மேல், அப்புறம் சரியாகிவிடுகிறது

வியர்வை ஊறும்வரை பட்டை காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மார்கழி அதிகாலையில் கிளம்பினால் இந்தப் புகார் கூடும். நனைத்துக் கட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஈசிஜி எடுக்கும்போது தடவுகிறார்களே, அந்த ஜெல்லை மருந்துக் கடையில் வாங்கி ஒரு துளி தடவுங்கள்.

*இறக்கத்திலும் எதிர்க்காற்றிலும் மட்டும் எகிறுகிறது என்றால்*, குற்றவாளி உங்கள் சட்டை. பாலியஸ்டர் சட்டை காற்றில் படபடத்துப் பட்டைமேல் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. சென்சார் அதையும் துடிப்பு என்று எண்ணிவிடுகிறது. கல்லட்டி மலைப்பாதையில் கால் மிதிக்காமல் இறங்கும்போது 215 காட்டினால் பயப்பட வேண்டாம். உடம்போடு ஒட்டிய சட்டை போடுங்கள், ஜிப்பை மேலே இழுத்துவிடுங்கள். பட்டையின் மின்முனைகள் நைந்து போயிருந்தாலும் இதே நோய் வரும். சட்டையை மாற்றியும் போகவில்லை என்றால் பட்டையை மாற்றுங்கள்.

மார்புப் பட்டை: பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை

வீட்டுக்கு வந்ததும் பட்டையை என்ன செய்கிறீர்கள்? சென்சாரோடு அப்படியே ஆணியில் மாட்டுகிறீர்கள் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஈரப் பட்டை இரண்டு டிச் பட்டன்களையும் இணைத்துக்கொண்டே இருப்பதால், சென்சார் இன்னும் நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்து விழித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சென்சாரைக் கழற்றித் துடைத்துத் தனியாக வையுங்கள். பட்டையைத் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். வாரம் ஒருமுறை லேசான சோப்பு போதும். வாஷிங் மெஷினில் போடலாம் என்று உறையில் எழுதியிருந்தாலும், துணியை மென்மையாக்கும் திரவம் பக்கமே போகக் கூடாது. மின்முனைமேல் அது ஒரு படலம் போட்டுவிடும்.

கழற்றி வைத்தும் பேட்டரி தீர்கிறது என்றால் பேட்டரி போலியாக இருக்கலாம். தெரிந்த கடையில் உறையோடு வாங்கியதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் தீர்ந்தால் சென்சாருக்குள் ஈரம்.

கைக்கடிகாரம்: மேடு ஏறும்போது 95, நாக்கோ வெளியே தள்ளுகிறது

தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை எண்ணும் கடிகாரங்கள் நடைக்கும் தூக்கத்துக்கும் நல்லவை. சைக்கிளில் நான் அவற்றை முழுதாக நம்புவதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்ததும் மணிக்கட்டு மடங்கும்; ரோடு அதிரும்; கடிகாரம் நழுவி எலும்பின்மேல் உட்காரும். அப்போது அது துடிப்பை விட்டுவிட்டு அதிர்வையோ மிதிக்கும் தாளத்தையோ எண்ணத் தொடங்குகிறது. கடிகாரம் காட்டும் எண்ணும் உங்கள் மிதி வேகமும் 88, 90 என்று ஒன்றாகவே நகர்ந்தால் இதுதான் நடக்கிறது.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, சவாரிக்கு மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். பின்புறக் கண்ணாடியைத் துடையுங்கள். சன்ஸ்கிரீனும் வியர்வை உப்பும் சேர்ந்து அங்கே ஒரு மங்கல் படலம் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் விடியலில் கை விறைத்திருந்தால் ரத்த ஓட்டம் தோலை விட்டு உள்ளே போய்விடும். கையுறை போட்டுச் சூடேறிய பிறகு எண் திரும்பும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மற்றக் கையில் கட்டுங்கள். இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் கடிகாரத்தைச் சர்வீஸுக்கு அனுப்பிப் பயன் இல்லை. புஜத்தில் கட்டும் ஒளிப் பட்டையோ மார்புப் பட்டையோ வாங்கிக் கடிகாரத்தோடு இணையுங்கள்.

*சார்ஜ் ஏறவில்லை என்றால்:* பின்புறம் இருக்கும் சிறு உலோகப் புள்ளிகளை உற்றுப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருப்பது வியர்வை உப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். காய்ந்த பிறகே சார்ஜரில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அந்தப் புள்ளிகளே அரித்துப்போகும். பின்மூடி உப்பித் தூக்கியிருந்தால் லித்தியம் பேட்டரி வீங்குகிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

விரலும் கருவியும் ஒத்துப்போகின்றன, எண்தான் வழக்கத்தைவிட அதிகம்

ஏப்ரல் மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பகல் 11 மணிக்கு, காலை 6 மணிக்குப் போன அதே வேகத்தில் போனாலும் துடிப்பு பதினைந்து இருபது கூடத்தான் செய்யும். வெயிலும் நீரிழப்பும் செய்கிற வேலை அது. நிழலில் நின்று, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்ட மோரோ உப்புக் கரைசலோ குடியுங்கள். இருபது நிமிடத்தில் இறங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். இறங்கவில்லை என்றால் அன்றைய சவாரி முடிந்தது. கூட வருபவர் உளறினால், தள்ளாடினால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத்தாக்கம்தான். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108ஐ அழையுங்கள்.

*படிப்படியாக ஏறாமல், 140இலிருந்து ஒரே தாவில் 190க்குப் போய், சிறிது நேரம் நின்று, அதே போல ஒரே தாவில் இறங்குகிறதா?* பட்டை ஈரமாக இருந்து, விரலும் அதையே சொன்னால் இதய நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரலில் துடிப்பு ஒழுங்கில்லாமல், தாளம் தப்பித் தப்பி வந்தாலும் அப்படியே. பல ஆண்டுகள் நெடுந்தூர விளையாட்டில் இருக்கும் ஆண்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது. "நான் நல்ல உடற்கட்டோடு இருக்கிறேன்" என்ற வாதம் இங்கே செல்லாது. போகும்போது அந்தச் சவாரியின் பதிவைக் கைபேசியில் எடுத்துச் செல்லுங்கள். எந்த நிமிடத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, என்ன உணர்ந்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். பட்டையின் வரைபடத்தை வைத்து அவர் முடிவு சொல்ல மாட்டார். ஈசிஜியோ, ஒருநாள் முழுக்க உடம்பில் மாட்டும் ஹோல்டரோ எடுக்கச் சொல்வார்.

காலை ஹெச்.ஆர்.வி. ஒரே நாளில் சரிந்துவிட்டது

ஹெச்.ஆர்.வி. என்பது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. நேற்றிரவு என்ன நடந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பரோட்டா, ஒரு பீர், கரண்ட் போய் மின்விசிறி ஓடாத இரவு, நண்பகல் வெயிலில் செய்த சவாரி: ஒவ்வொன்றும் தனியாகவே போதும். பிறகு, அளந்த விதம். நேற்று படுத்துக்கொண்டு, இன்று உட்கார்ந்து அளந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், ஒரே நிலையில், தினமும். கார்மின் கடிகாரம் உங்களுடைய வழக்கமான அளவைத் தெரிந்துகொள்ளவே மூன்று வாரத் தூக்கம் கேட்கிறது. வாங்கிய நாலாம் நாள் வந்து கவலைப்படாதீர்கள்.

இவை எதுவும் இல்லை, ஓய்வுத் துடிப்பும் வழக்கத்தைவிடப் பத்து கூடியிருக்கிறது என்றால் வெப்பமானியை எடுங்கள். காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளே ஓய்வுத் துடிப்பு ஏறத் தொடங்குவது உண்டு. காய்ச்சலோடு மிதிக்கக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால், சவாரிப் பையில் கிடக்கும் இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமாலும் மருத்துவரும் போதும்.

*தலைகீழாக, நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறதா?* மகிழ வேண்டாம். அளக்கும்போது பட்டை ஒரு துடிப்பைத் தவறவிட்டால், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் இரட்டிப்பாகத் தெரியும். மொத்த எண்ணும் எகிறிவிடும். பட்டையை நனைத்து மறுபடி அளங்கள். ஈரப் பட்டையிலும் நாள்தோறும் அப்படியே வந்தால் துடிப்பு நிஜமாகவே இடையில் தவறுகிறதா என்று ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம்.

600 கிலோமீட்டர் பிரெவேக்குப் போய்ப் பஸ் நிலையப் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் தூங்கியதைக் கடிகாரம் தூக்கமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது கோளாறில் சேராது. நியாயமாகப் பார்த்தால் அது தூக்கமே இல்லை.

ஆக்சிமீட்டர்: 86 காட்டுகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்

விரலில் மாட்டி ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் விழுக்காட்டைப் பார்க்கும் கருவி இது. விரல் குளிர்ந்திருக்கிறதா? கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, கறுப்பு மருதாணி இருந்தால் வேறு விரல். கருவியை மாட்டி ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். அது காட்டும் நாடித் துடிப்பு உங்கள் விரல் கணக்கோடு ஒத்துப்போகும்வரை ஆக்சிஜன் எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே சென்னையில் காட்டுவதைவிட இரண்டு மூன்று குறைவது இயல்பு. கருமையான தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால், மூச்சுத் திணறுகிற ஒருவருக்கு 94 காட்டுவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மூச்சு வாங்குவது ஓய்விலும் அடங்கவில்லை என்றால் எண் எதுவானாலும் மருத்துவமனை.

எடை இயந்திரம்: சவாரிக்குப் பின் எடை கூடியிருக்கிறது

முதலில் இயந்திரம் தரைவிரிப்பில் இல்லாமல் கெட்டித் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட சவாரியில் எடை குறைய வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். கூடியிருந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் இருந்தால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் சோடியம் இறங்கியிருக்கலாம். மேற்கொண்டு தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கொழுப்பு விழுக்காடு மேலும் கீழும் ஆடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். உடம்பின் ஈரம் மாறினால் அது மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த வகை இயந்திரத்தில் ஏறவே கூடாது.

காற்றழுத்தக் காலுறை: ஒரு கால் மட்டும் ஊதவில்லை

சவாரிக்குப் பின் காலில் மாட்டி, பம்பால் காற்றடைத்துக் காலை அமுக்கிவிடும் உறை இது. குழாய் முனையைக் கழற்றி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை மறுபடி செருகுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும். காலுறை மடங்கி உள்ளறைக்குக் காற்றுப் போகும் வழி நசுங்கியிருக்கிறதா, ஜிப் மேல் வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இடது வலது குழாய்களை மாற்றிச் செருகுங்கள். கோளாறு காலுறையோடு போனால் காலுறையில் ஓட்டை. குழாயோடு நின்றால் குழாயிலோ பம்பிலோ வால்விலோ கோளாறு. ஓட்டையைக் கண்டுபிடிக்க சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் தேடலாம், ஆனால் தண்ணீரில் முக்கக் கூடாது. ட்யூபுக்கு ஒட்டும் பஞ்சர் பேட்சும் சொல்யூஷனும் இந்தத் துணியில் பெரும்பாலும் பிடிக்காது. அந்த அறைக்கென்று விற்கும் மாற்று உறையை வாங்குங்கள். பம்பைத் திறப்பது சர்வீஸ்காரர் வேலை.

*காலுறையைக் கழற்றிய பிறகும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலியாக இருக்கிறதா?* பிரெவே முடித்து, இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தசைப்பிடிப்பு என்று நினைத்து மறுபடி காலுறையை மாட்டாதீர்கள், மசாஜ் கன்னையும் வைக்காதீர்கள். காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் (ரத்தக் குழாயில்) ரத்த உறைவாக இருந்தால் அமுக்கும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றே மருத்துவரிடம் போய்க் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். உறைவு இல்லை என்று அவர் சொன்ன பிறகு காலுறையை எடுத்துக்கொள்ளலாம்.